ஒளி போன வழி – 7: முன்னும் பின்னும் ஒன்றுதானா?

இதுவரை: 1703இல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து ஒல்லாந்துக்குக் கொண்டுபோன டூர்மலின் கல், சூடேறியதும் அடுப்புச் சாம்பலை இழுத்தது, பிறகு உதறித் தள்ளியது. 1717இல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்துக்கு அதைக் காட்டிய லூயி லெமெரி, இலங்கைத் தீவின் ஒருவகைக் காந்தக்கல் என்றே எண்ணினார். அது காந்தமல்ல, மின்சாரம் என்று 1756இல் ஏபினுஸ் நிறுவினார். அதே கல்லைத் தகடாகச் சீவி ஒளியை விட்டால், ஒரு வாட்டத்தில் அதிரும் ஒளியை விட்டுவிட்டு மற்றதை விழுங்குகிறது என்பதும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தெரியவந்தது. சென்ற வாரம் அத்துடன் நிறுத்தியிருந்தோம்.

தும்பறைச் சரிவில்

கண்டியிலிருந்து மாத்தளைக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது வத்தேகம. கிழக்கே நக்கிள்ஸ் மலைகள். தென்கிழக்கே தும்பறைப் பள்ளத்தாக்கு மகாவலியை நோக்கி இறங்குகிறது. அந்தப் பக்கம்தான் திகன, அம்பகொட்டே, கங்கபிட்டிய.

இந்த நிலத்துக்கு அடியில் வெள்ளைப் பளிங்குச் சுண்ணாம்புக்கல் பட்டை பட்டையாக ஓடுகிறது. திகனவிலும் மாத்தளையிலும் இன்றும் உடைக்கிறார்கள். ஒரு பங்கு சூளைக்குப் போகும். டொலமைட் வகை அரைபட்டு மூட்டையாகித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போகும். கவ்வாத்து முடிந்த மலையில் வெள்ளைத் தூளை விசிறிக்கொண்டு போவதைத் தோட்டத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். புளிப்பேறிய மண்ணைச் சரிக்கட்டும் மருந்து அது.

50 கோடி ஆண்டுகளுக்கும் முன்னால் இந்தச் சுண்ணாம்புக்கல் பூமியின் ஆழத்தில் அழுத்தமும் வெக்கையும் தாங்கிக் கிடந்தது. சிலிக்கா மிகுந்த வேறு பாறை அதைத் தொட்ட ஓரங்களில் இரண்டும் ஒன்றையொன்று தின்று, இரண்டிலும் இல்லாத புதுக் கனியங்கள் பிறந்தன. கங்கபிட்டியில் அப்படியொரு ஓரத்தில் நீலச்சாம்பல் நிறத்தில் சிறு சிறு மணிகள் இருந்தன.

அவற்றைக் கவனித்தவர் ஆனந்த குமாரசுவாமி.

நடராசர் நடனத்தின் பொருளை மேல்நாட்டுக்கு எடுத்துச் சொன்ன அதே குமாரசுவாமிதான். 1877இல் கொழும்பில் பிறந்தார். சேர் முத்துக்குமாரசுவாமியின் மகன். இரண்டு வயதுக்குள் தந்தையை இழந்து இங்கிலாந்தில் வளர்ந்தார். லண்டனில் அவர் படித்தது கலை அல்ல, புவிச்சரிதவியலும் தாவரவியலும். இலங்கையின் சுண்ணாம்புக்கற்கள் பற்றி 1902இலேயே லண்டன் புவிச்சரிதவியல் சங்கத்தின் இதழில் எழுதிவிட்டார். 1903இல் இலங்கைக் கனிய அளவைப் பணிக்கு இயக்குநரானபோது வயது இருபத்தைந்தோ இருபத்தாறோதான். அவரைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் இந்த நான்கைந்து ஆண்டுகளை ஒரு வரியில் தாண்டிவிடுவது வழக்கம். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. சிற்பத்தைப் பார்த்த கண் முதலில் கல்லைப் பார்த்துப் பழகியது.

நீலமணிகளைப் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் கனியவியலாளர் ஜோர்ஜ் பிரையர் பகுத்துப் பார்த்தார். கல்சியம், மக்னீசியம், அலுமினியம், சிலிக்கா. கூடவே போரன். அதுவரை எந்தப் பட்டியலிலும் இல்லாத சேர்க்கை. 1903இல் இருவரும் சேர்ந்து அறிவித்தார்கள். தீவின் பழைய அரபுப் பெயரான செரெண்டிபைக் கொண்டு செரெண்டிபைட் என்று பெயர் வைத்தார்கள்.

மேடை சுழல்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கல்லை ஒரு மில்லிமீட்டரில் நூறில் மூன்று பங்கு தடிப்புக்குத் தேய்த்துக் கண்ணாடிச் சில்லில் ஒட்டுவது கனியவியலாளரின் வேலை முறை. அந்தத் தடிப்பில் கருங்கல்கூட ஒளியை ஊடுருவவிடும். சில்லை நுண்காட்டியின் வட்ட மேடையில் வைப்பார்கள். கீழே இருந்து வரும் ஒளி ஒரு நிக்கோல் பட்டகத்தைத் தாண்டி வரும். தாண்டியபின் ஒரே வாட்டத்தில்தான் அதிரும். அந்தப் பட்டகமும் கல்சைட்டால் ஆனது. கங்கபிட்டிச் சுண்ணாம்புக்கல்லில் இருப்பதும் அதே கல்சைட்தான், தெளிவு மட்டும் வேறு.

மேடையை மெல்லச் சுழற்றினால் செரெண்டிபைட் மணி நிறம் மாறும். ஒரு நிலையில் வெளிறிய மஞ்சட்பச்சை. திருப்பத் திருப்ப நீலம் ஊறும். இன்னொரு நிலையில் மை போன்ற கரு நீலம். கல்லும் விளக்கும் மாறவில்லை. ஒளி அதிரும் வாட்டத்துக்கும் கல்லுக்குள் அணுக்கள் அடுக்கிய வாட்டத்துக்கும் இடையிலுள்ள கோணம் மட்டும் மாறியது.

ஆக, ஒளிக்குத் திசை முக்கியம். இதைக் கண்ணால் காட்டும் கல் வத்தேகமையிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்ல முடியாவிட்டாலும் ஒரு பஸ் தூரத்தில் கிடந்தது.

ஆனால் ஒன்று. அந்தச் சில்லைத் தலைகீழாகப் புரட்டி, மேலே இருந்த முகம் கீழே வரும்படி வைத்து, அதே வாட்டத்தில் ஒளியை விட்டால்?

அதே மஞ்சட்பச்சை. அதே கரு நீலம்.

தெருவின் வாட்டம் தெரிந்த கல். எந்த முனையிலிருந்து வருகிறாய் என்று அது கேட்பதில்லை. இந்தத் தொடர் இனிமேல் தேடப்போவது அந்தக் கேள்வியைக் கேட்கிற கல்லைத்தான்.

இரண்டு சமச்சீர்கள்

செரெண்டிபைட் ஏன் கேட்பதில்லை? அதன் அணு அடுக்கில் ஒரு மையம் உண்டு. அந்த மையத்துக்கு இப்பக்கம் உள்ள ஒவ்வோர் அணுவுக்கும் நேரெதிரே அப்பக்கம் அதே அணு இருக்கும். முன்னிருந்து பார்த்தாலும் பின்னிருந்து பார்த்தாலும் ஒரே காட்சி. ஒளி எப்படி வேறுபாடு காணும்?

டூர்மலினுக்கு அந்த மையம் இல்லை. அதன் ஒரு முனை மற்ற முனையைப் போன்றதல்ல. அதனால்தான் சூடேறும்போது ஒரு முனை நேர்மின்னும் மறுமுனை எதிர்மின்னும் ஏற்கின்றன. அப்படியானால் டூர்மலினாவது முன்னையும் பின்னையும் பிரித்தறிய வேண்டாமா? அறியவில்லை. எந்த முனையிலிருந்து விட்டாலும் ஒளி அதே அளவுதான் குறைகிறது.

இங்கே இரண்டாவது சமச்சீர் குறுக்கே நிற்கிறது. அது காலத்தைப் பற்றியது. ஒளி போன பாதையைப் படமெடுத்துப் பின்னோக்கி ஓட்டினால், அதுவும் நடக்கக்கூடிய ஒன்றாகவே இருக்க வேண்டும். ஹெல்ம்ஹோல்ட்ஸ், லொரென்ட்ஸ் போன்றோர் இதை நேர்த்தியான விதியாக எழுதிவைத்தார்கள். உன்னை நான் பார்க்க முடிந்தால் என்னை நீ பார்க்கலாம் என்பதே அதன் சாரம்.

இந்த இரண்டாவது சமச்சீரைத் தகர்க்கத் தெரிந்த பொருள் காந்தம். காந்தம் என்பது சுழலும் மின்னோட்டம். படத்தைப் பின்னோக்கி ஓட்டினால் சுழற்சி மாறும், வடக்கு தெற்காகும். 1845 செப்டெம்பர் 13ஆம் திகதி மைக்கேல் பரடே ஒரு கனத்த ஈயக் கண்ணாடிக்குக் காந்தம் வைத்து ஒளியை விட்டபோது நடந்தது அதுதான். ஒளியின் அதிர்வு வாட்டம் திரும்பியது. ஒளியைத் திருப்பி அதே வழியில் அனுப்பினால் திருகல் அவிழவில்லை, இரட்டித்தது. (அந்தக் கண்ணாடியிலும் போரன் உண்டு. டூர்மலினில் உண்டு, செரெண்டிபைட்டில் உண்டு. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை என்றாலும் போரன் இந்தக் கதையை விட்டு விலக மாட்டேன் என்கிறது.)

ஆனால் பரடேயின் கண்ணாடிக்கு மையச் சமச்சீர் இருந்தது. அதனால் வாட்டம் திரும்பியதே தவிர, சாதாரண ஒளி முன்னே போனாலும் பின்னே வந்தாலும் ஒரே அளவில்தான் கடந்தது.

டூர்மலின் ஒன்றை உடைத்தது. பரடேயின் கண்ணாடி மற்றதை உடைத்தது. இரண்டையும் ஒருசேர உடைக்கும் பொருள் எங்கே?

கியூரியின் ஊகம்

1880இல் பியேர் கியூரியும் அண்ணன் ஜாக்கும் டூர்மலினை நெருக்கிப் பிடித்தால் மின்னேற்றம் பிறக்கிறது என்று கண்டார்கள். அந்தப் படிகங்களிலேயே பல ஆண்டுகள் மூழ்கிய பியேர், 1894இல் இயற்பியல் நிகழ்வுகளின் சமச்சீர் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் மேரி கியூரியான மரியாவை அவர் சந்தித்ததும் அந்த ஆண்டுதான். வரலாறு இரண்டாவதை மட்டும் நன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

ஒரு நிகழ்வு நடக்க வேண்டுமானால் ஏதோ ஒரு சமச்சீர் இல்லாமல் போயிருக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். அந்த வழியிலே நடந்து ஓர் இடத்துக்கு வந்தார். தக்க சமச்சீரின்மை கொண்ட படிகம் கிடைத்தால், மின்புலம் அதைக் காந்தமாக்கலாம். காந்தப்புலம் அதற்கு மின்முனைகள் தரலாம்.

மின்காந்தச் சுருள் போன்ற விஷயமல்ல இது. அங்கே ஓடும் மின்சாரம்தான் காந்தத்தைப் பிறப்பிக்கிறது. கியூரி சொன்னது அசையாமல் நிற்கும் மின்புலம், அசையாமல் கிடக்கும் கல்.

பலர் தேடினார்கள். 1926இல் பீட்டர் டெபை அதற்குக் காந்தமின் விளைவு என்று தனிப் பெயரும் கொடுத்தார். பெயர் இருந்தது, பொருள் இல்லை. கியூரி விட்ட இடத்தில் ஒரு துண்டு குறைந்திருந்தது. படிகத்தின் சமச்சீரைப் பற்றி அவர் நினைத்தார். காலத்தின் சமச்சீரைப் பற்றி நினைக்க அந்தக் காலத்துக்கு வழியில்லை.

பச்சைத் தூள்

அறுபது ஆண்டுகள் கழிந்தன. 1957இல் ருஷ்ய மொழியில் வந்த தங்கள் பாடநூலில் லாண்டாவும் லிஃப்ஷிட்ஸும் காந்த ஒழுங்குள்ள சில படிகங்களில் இந்த விளைவு கொள்கையளவில் நடக்கலாம் என்று எழுதினார்கள். எந்தப் படிகம் என்று சொல்லவில்லை.

லாண்டாவின் மாணவர் இகோர் ஜியலொஷின்ஸ்கி 1959இல் பெயரைச் சொன்னார். அப்போது அவருக்கு 28 வயது. இரண்டே பக்கத்துக்குள் அடங்கும் கணக்கு. விடை: குரோமியம் ஒக்சைட்.

யாரும் தேடிப்போக வேண்டிய அபூர்வக் கல் அல்ல. பச்சைப் பெயின்டில் கலக்கும் தூள். உலோகத்தைப் பளபளப்பாக்கும் பச்சைப் பசையில் இருப்பது. இரத்தினபுரி நீலக்கல்லில் அலுமினியம் இருக்கும் இடங்களில் எல்லாம் குரோமியத்தை உட்கார்த்தினால் இந்தப் படிகம் வந்துவிடும். கூடு அதே கூடு.

அந்தக் கூட்டுக்கு மையச் சமச்சீர் உண்டு. இங்கேதான் நுட்பம். ஒவ்வொரு குரோமியம் அணுவும் ஒரு நுண்காந்தம். படிகத்தின் அச்சு நெடுக அவை மேல், கீழ், மேல், கீழ் என்று ஒழுங்குபடுகின்றன. கூட்டினால் பூச்சியம், வெளியே திசைகாட்டியை வைத்தால் அசையாது. ஆனால் மையத்துக்கு இப்பக்கமுள்ள அணு மேல்நோக்க, நேரெதிர் அணு கீழ்நோக்குகிறது. அணுக்களின் கூட்டில் இருந்த சமச்சீர் அவற்றின் காந்த ஒழுங்கில் போய்விட்டது. காலத்தைத் திருப்பினால் மேல் எல்லாம் கீழாகிறது. அந்தச் சமச்சீரும் போயிற்று.

இரண்டும் ஒரே அடியில்.

இந்த ஒழுங்கு 34 பாகை செல்சியசில் குலைந்துவிடும். கண்டிக் குளிருக்கு அது பாதுகாப்பாக இருக்கும். 34ஐத் தாண்டும் ஒரு வவுனியா மதியத்தில் அதே படிகம் வெறும் பச்சைக் கல்.

அடுத்த ஆண்டே, 1960இல், சோவியத் ஆய்வாளர் அஸ்த்ரொவ் அளந்து காட்டினார். மின்புலம் கொடுத்தார், படிகம் காந்தமேறியது. 1961இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வுகூடத்தில் ஃபோலனும் ராடோவும் மறுதலையைக் காட்டினார்கள். காந்தப்புலம் கொடுத்தார்கள், மின்முனைகள் தோன்றின. கியூரி சொன்னது நடந்தது, 66, 67 ஆண்டுகள் தாமதமாக.

எவ்வளவு காந்தம்? ஒரு மில்லிமீட்டர் தடிப்புள்ள படிகத்துக்கு 1000 வோல்ட் கொடுத்தால், உச்ச நிலையிலும் இலங்கையில் உணரப்படும் பூமியின் காந்தப்புலத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுதான்.

அதையும் எளிதில் பிடித்துவிட முடியாது. படிகத்தைச் சும்மா குளிரவிட்டால் ஒரு பகுதி மேல்-கீழ் என்றும், பக்கத்துப் பகுதி கீழ்-மேல் என்றும் ஒழுங்குபடும். ஒன்றின் விளைவை மற்றது அழித்துவிடும். மின்புலம், காந்தப்புலம் இரண்டையும் ஒருங்கே பிடித்துக்கொண்டு 34 பாகையைத் தாண்டிக் குளிரவைத்தால்தான் முழுப் படிகமும் ஒரே முறையில் அடங்கும்.

அதே 1961இல் ஜெர்மனியின் இயற்பியல் கலைக்களஞ்சிய வரிசையில் ‘படிக ஒளியியல்’ என்ற பெரும் பகுதி வெளிவந்தது. எழுதியவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் எஸ். இராமசேஷனும், இருவரும் சி. வி. இராமனின் பட்டறையில் உருவானவர்கள். இராமசேஷன் பரடே விளைவிலேயே ஆராய்ச்சி தொடங்கியவர். செரெண்டிபைட் போல ஒளியை விழுங்கும் படிகங்களின் கணக்கைப் பெங்களூரில் பஞ்சரத்தினம் 1950களில் தீர்த்துவைத்திருந்தார். படிகமும் ஒளியும் பற்றி அன்றைக்கு அறிந்ததெல்லாம் ஒரு நூலில் தொகுந்த அந்த ஆண்டில், அடுத்த அத்தியாயம் வேறோர் ஆய்வுகூடத்தின் பச்சைப் படிகத்தில் தொடங்கிவிட்டிருந்தது.

ஒளி திரும்பும்போது

இவ்வளவும் அசையாத புலங்களின் கதை. ஒளிக்கு இதில் என்ன வேலை?

ஒளியே மின்புலமும் காந்தப்புலமும்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக ஆடுகின்றன. ஒளி இரண்டுக்கும் செங்குத்தாகப் போகிறது. ஒளி உங்களிடமிருந்து விலகிப் போகையில், மின்புலம் மேல்நோக்கும் கணத்தில் காந்தப்புலம் வலப்புறம் நோக்குகிறது என்று வையுங்கள். அதே ஒளி உங்களை நோக்கி வந்தால், மின்புலம் மேலேயே இருக்கக் காந்தப்புலம் இடப்புறமாகிவிடும். திசை மாற்றம் என்பது கல்லுக்குள் இருக்கும் எலெக்ட்ரோனுக்கு இவ்வளவுதான்: இரண்டு புலங்களில் ஒன்று குறி மாறியது.

சாதாரணக் கல்லில் மின்புலத்தின் தள்ளலும் காந்தப்புலத்தின் தள்ளலும் தனித்தனியே தம் வேலையைப் பார்க்கும். குறி மாறினால் என்ன? ஆனால் காந்தமின் படிகத்தில் காந்தப்புலமும் மின்முனைகளை ஆட்டுகிறது. இரண்டு தள்ளலும் ஒரே ஊஞ்சலில் விழுகின்றன. ஒரு திசையில் போகும் ஒளிக்கு இருவரும் சேர்ந்து தள்ளுகிறார்கள். எதிர்த்திசை ஒளிக்கு ஒருவர் தள்ள மற்றவர் பிடித்து இழுக்கிறார். ஊஞ்சல் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவு ஒளியைக் கல் விழுங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். விழுங்கும் அளவு, ஆட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. மின்தள்ளல் 100, காந்தத்தள்ளல் 1 என்றால் ஒரு திசையில் 101, மறுதிசையில் 99. வர்க்கம் 10201, 9801. நூற்றுக்கு நான்கு வேறுபாடு. மின்தள்ளல் 10 என்றால் 121, 81. மின்தள்ளலும் 1 ஆகிவிட்டால்? ஒரு திசையில் 4. மறுதிசையில் பூச்சியம். அந்தத் திசையில் கல் இருப்பதே ஒளிக்குத் தெரியாது.

ஒரு பக்கமிருந்து பார்த்தால் கறுப்பு, மறுபக்கமிருந்து பார்த்தால் தெளிவு. தகரமோ கண்ணாடிப் பூச்சோ அல்ல, ஒரே படிகம். காலத்துக்கும் இடத்துக்கும் உரிய இரண்டு சமச்சீர்கள் ஒன்றாகக் குலைந்ததன் விளைவு.

1963இல் பிரவுன், ஷ்ட்ரிக்மன், டிரெவெஸ் என்ற மூவர் குரோமியம் ஒக்சைட் போன்ற படிகங்களுக்குள் ஒளியை அனுப்பினால் என்ன நேரும் என்று எழுதினார்கள். அவர்கள் பார்த்தது விழுங்குவதை அல்ல, ஒளியின் போக்கை. முன்னே போகும் ஒளிக்குப் படிகத்தின் அச்சு ஒரு பக்கம் மிக நுண்ணளவு சாய்ந்ததுபோல் தோன்றும். பின்னே வரும் ஒளிக்கு மறுபக்கம். மேல்-கீழ்ப் பகுதியையும் கீழ்-மேல் பகுதியையும் கண்ணால் பிரித்துக் காணும் வழி இது என்பதே அவர்கள் கட்டுரையின் நோக்கம்.

கண்ணால் காண முடியும் என்று தாளில் எழுதிவிட்டார்கள். கண் காணவில்லை. அறுபதுகள் போயின, எழுபதுகள் போயின. குரோமியம் ஒக்சைட்டின் மேல் பட்டுத் திரும்பிய ஒளியில் இந்த வேறுபாட்டின் சுவடு பிடிபட 1993 ஆயிற்று. அதுவும் நுண்கருவியின் கண்ணுக்குத்தான்.

காரணம் மேலேயுள்ள கணக்கிலேயே இருக்கிறது. பெரும்பாலான படிகங்களில் மின்தள்ளல் காந்தத்தள்ளலை நூற்றுக்கணக்கான மடங்கு மிஞ்சி நிற்கும். காந்தத்தைப் பெருக்குவது ஒரு வழி. மின்தள்ளலை ஒன்றுக்கு இறக்கினாலும் அதே பலன்தான் என்று எவருக்கு முதலில் உறைத்தது? ஒளியின் மின்புலத்துக்கு ஏறக்குறைய அசையாமல், காந்தப்புலத்துக்கு மட்டும் அசைகிற எலெக்ட்ரோன் எந்தப் படிகத்தில் இருந்தது?

(அடுத்த வாரம்)